காணாமல் போன கோப்பைக் கண்டெடுத்தல்: விண்டோஸ் கணினிக்கான பிழை நீக்கும் வழிமுறை

கோப்பைக் காணவில்லை என்று ஒருவர் பதறும்போது, நடந்திருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். கோப்பு வைத்த இடத்திலேயே இருந்தும் திரை அதைக் காட்டாமல் இருக்கலாம். வேறோர் இடத்துக்குப் போயிருக்கலாம். அல்லது உண்மையாகவே அழிக்கப்பட்டிருக்கலாம். முதல் இரண்டும் பொறுமையாகத் தேடினால் தீர்ந்துவிடுபவை. மூன்றாவதில் மட்டும், கணினியில் நாம் செய்யும் ஒவ்வொரு புதிய வேலையும் அழிந்த கோப்பு கிடந்த இடத்தின் மேல் எழுதப்பட்டுவிடக்கூடும். ஆகவே இம்மூன்றில் எது நடந்தது என்று உறுதியாகத் தெரியும்வரை எதையும் புதிதாக நிறுவாதீர்கள். 'கிளீனர்' எதையும் ஓட்டாதீர்கள். எந்த டிரைவையும் ஃபார்மட் செய்யாதீர்கள். சும்மா மறைந்திருந்த கோப்பை மீட்கப்போய் அடியோடு தொலைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கோப்பின் பெயரில் நிச்சயமாக இருக்கும் ஒரு சொல், எந்த நிரலில் அது உருவாக்கப்பட்டது, கடைசியாக அதைத் திறந்த நாள். கீழே உள்ளவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டுக்கும் உரியவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டாலும், வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், வேறுபடும் இடங்களில் இரண்டையும் சொல்கிறேன். பட்டிகளின் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் தெரிகிறபடியே ஒலிபெயர்த்துள்ளேன்.

அறிகுறி: சேமித்தது நினைவிருக்கிறது, எங்கே என்பது நினைவில்லை

கோப்பை உருவாக்கிய நிரலிடமே முதலில் கேளுங்கள். வேர்டு, எக்செல் போன்றவற்றில் 'ஃபைல்', 'ஓப்பன்', 'ரீசன்ட்' என்று சென்றால் அண்மையில் திறந்த கோப்புகளும், ஒவ்வொன்றின் பெயருக்குக் கீழே அது இருக்கும் பாதையும் தெரியும். நிரல் எதுவென்று நினைவில்லையானால், விண்டோஸ் விசையோடு ஆங்கில எழுத்து 'இ'யைச் சேர்த்து அழுத்தி ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறங்கள். விண்டோஸ் 11இல் 'ஹோம்' பக்கத்திலும், விண்டோஸ் 10இல் 'குவிக் ஆக்சஸ்' பக்கத்திலும் அண்மைக் கோப்புகளின் பட்டியல் இருக்கும். உரிய பெயரின் மேல் வலச்சொடுக்கி 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' என்பதைத் தேர்ந்தால் கோப்பு இருக்கும் கோப்புறை திறக்கும். இணையத்திலிருந்து இறக்கியது என்றால், குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் கன்ட்ரோல் விசையோடு 'ஜே'யை அழுத்துங்கள். இறக்கியவற்றின் பட்டியலும், ஒவ்வொன்றும் இருக்கும் கோப்புறைக்குச் செல்லும் வழியும் அங்கே உண்டு.

இதில் அடிக்கடி நிகழும் ஒரு விபத்தைத் தனியே சொல்ல வேண்டும். மின்னஞ்சலில் வந்த இணைப்பைக் கணினியில் சேமிக்காமல், அஞ்சல் நிரலிலிருந்தே நேராகத் திறந்து, இரண்டு மணி நேரம் திருத்தி, கன்ட்ரோலும் 'எஸ்'ஸும் அழுத்திவிட்டு மூடுகிறோம். அந்தத் திருத்தம் டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குப் போவதில்லை. அஞ்சல் நிரல் தன் வசதிக்காக வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புறைக்குள் போய்ச் சேர்கிறது. மறுநாள் அதே மின்னஞ்சலிலிருந்து திறந்தால் பழைய, திருத்தாத பிரதிதான் வரும். ஜிப் கோப்புக்குள்ளிருந்து நேராகத் திறந்து திருத்தினாலும் இதே கதை நேரலாம். கோப்பு இன்னும் திறந்தே இருந்தால் 'எஃப் 12' விசையை அழுத்துங்கள். வேர்டும் எக்செல்லும் 'சேவ் ஆஸ்' பெட்டியைத் திறக்கும், அங்கே டாக்குமென்ட்ஸைத் தேர்ந்து சேமித்துவிடலாம். மூடிவிட்டீர்கள் என்றால் 'ரீசன்ட்' பட்டியல்தான் முதல் நம்பிக்கை. தற்காலிகக் கோப்புறையின் பாதையைப் பல நேரங்களில் அது நினைவில் வைத்திருக்கும்.

சேமிக்கவே செய்யாமல் மூடிவிட்ட வேர்டு ஆவணத்துக்கு 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் டாக்குமென்ட்', 'ரெக்கவர் அன்சேவ்ட் டாக்குமென்ட்ஸ்' என்ற வரிசையில் செல்லுங்கள். கிடைத்தால் உடனே வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். அந்த இடம் நிரந்தரமானதன்று.

கோப்புறையே காணாமல் போயிருந்தால், சுட்டியைச் சொடுக்கும்போது கை சற்றே நழுவி, பக்கத்துக் கோப்புறைக்குள் அதை இழுத்துப் போட்டிருக்க வாய்ப்பு மிகுதி. இப்போதுதான் நடந்தது என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கன்ட்ரோலும் 'இசட்'டும் அழுத்தினால் பழைய இடத்துக்கே திரும்பும். நேரம் கடந்துவிட்டால், அந்த வரிசையில் அதற்கு மேலும் கீழும் இருந்த கோப்புறைகளைத் திறந்து பாருங்கள்.

அறிகுறி: டெஸ்க்டாப் முழுவதும் வெறுமையாகிவிட்டது

எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கி, 'வியூ' பட்டியில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' என்பதற்கு எதிரே டிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதுவே காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

டிக் இருந்தும் எதுவும் தெரியவில்லை, சுவர்ப்படமும் மாறிவிட்டது, உலாவியின் புக்மார்க்குகளும் இல்லை என்றால், விண்டோஸ் உங்கள் கணக்கின் சுயவிவரத்தைத் (புரொஃபைல்) திறக்க முடியாமல் ஒரு தற்காலிகச் சுயவிவரத்தில் உங்களை உள்ளே விட்டிருக்கிறது என்று பொருள். உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை என்ற அறிவிப்பும் பெரும்பாலும் கூடவே வரும். சி டிரைவில் 'யூசர்ஸ்' கோப்புறையைத் திறந்தால் உங்கள் பெயருள்ள பழைய கோப்புறை அப்படியே இருப்பதையும், அருகே 'டெம்ப்' என்று தொடங்கும் புதிய ஒன்று முளைத்திருப்பதையும் காணலாம். இந்த நிலையில் டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்காதீர்கள், ஏனெனில் வெளியேறியதும் அது நீங்கிவிடும். ஓரிரு முறை கணினியை முழுமையாக மறுதொடக்கம் செய்தாலே பல நேரங்களில் பழைய சுயவிவரம் திரும்பிவிடுகிறது. திரும்பவில்லையானால், பழைய கோப்புறையிலிருந்து தேவையானவற்றை வெளி டிரைவுக்குப் படியெடுத்துவிட்டு, அதன் பிறகே கணக்கைச் சீராக்கும் வேலைக்குள் இறங்குங்கள்.

மூன்றாவது காரணம் இன்று மிகப் பரவலானது: கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் மேகக்கணிச் சேவையான ஒன்டிரைவ். புதிய கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்றையும் காப்புநகல் எடுக்கும் ஏற்பாடு பல நேரங்களில் நம் கவனத்துக்கு வராமலே தொடங்கிவிடுகிறது. அப்போது அந்தக் கோப்புறைகளின் உண்மையான இருப்பிடம் உங்கள் பெயருள்ள கோப்புறையிலிருந்து அதற்குள்ளே இருக்கும் 'ஒன்டிரைவ்' கோப்புறைக்கு மாறிவிடுகிறது. பெயர் அதே டெஸ்க்டாப், இடம் வேறு. பிற்பாடு இலவச ஒதுக்கீடான 5 ஜிபி நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கையைக் கண்டு காப்புநகலை நிறுத்தும்போது, கோப்புகள் ஒன்டிரைவ் கோப்புறைக்குள்ளேயே தங்கிவிட, கண்ணுக்குத் தெரியும் டெஸ்க்டாப் மட்டும் பழைய வெற்று இடத்துக்குத் திரும்பிவிடக்கூடும். எதுவும் அழியவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கத்தில் ஒன்டிரைவைச் சொடுக்கி, அதற்குள் இருக்கும் டெஸ்க்டாப் கோப்புறையைத் திறந்து, உள்ளிருப்பவற்றை வெட்டி, உண்மையான டெஸ்க்டாப்பில் ஒட்டுங்கள். ஒன்டிரைவ் நிரலை நீக்குவதோ அந்தக் கோப்புறையை அழிப்பதோ இந்த வேலை முடிந்த பிறகுதான். வரிசையை மாற்றிச் செய்தால் கணினியிலும் மேகக்கணியிலும் ஒருங்கே கோப்புகளை இழக்க நேரிடும்.

விண்டோஸைப் புதிதாக நிறுவியோ மேம்படுத்தியோ முடித்த உடனே இப்படி ஆனது என்றால், சி டிரைவில் 'விண்டோஸ் புள்ளி ஓல்டு' என்ற பெயரில் கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் 'யூசர்ஸ்' சென்றால் பழைய கோப்புகள் கிடைக்கும். இயல்பான அமைப்பில் மேம்படுத்தலுக்குப் பின் 10 நாள் மட்டுமே அது காத்திருக்கும்.

அறிகுறி: சரியான கோப்புறைதான், கோப்பு மட்டும் தெரியவில்லை

விண்டோஸ் 11இல் 'வியூ', 'ஷோ' என்று சென்று 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10இல் மேலே உள்ள 'வியூ' தத்தலிலேயே (டேப்) அந்தப் பெட்டி இருக்கிறது. மறைக்கப்பட்ட கோப்புகள் சற்று மங்கலாகத் தெரியத் தொடங்கும். உரிய கோப்பின் மேல் வலச்சொடுக்கி 'ப்ராப்பர்ட்டீஸ்' சென்று 'ஹிட்டன்' டிக்கை எடுத்துவிட்டால் இயல்புக்கு வந்துவிடும். அதே 'ஷோ' பட்டியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதையும் இப்போதே டிக் செய்துவிடுங்கள். அதை ஒருபோதும் அணைத்து வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பெயரின் வால் மறைந்திருப்பதால்தான் பி டி எஃப் போல வேடமிட்ட நச்சுநிரல்களை மக்கள் சொடுக்குகிறார்கள்.

அனுபவமுள்ளவர்களும் தவறவிடும் காரணம் ஒன்று உண்டு. 'டீடெயில்ஸ்' காட்சியில் பெயர், தேதி, வகை என்ற தலைப்புகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிறு அம்புக்குறி இருக்கும். அதைத் தெரியாமல் சொடுக்கி ஒரு வகையைத் தேர்ந்துவிட்டால், அந்த வகையில் அடங்காத அனைத்தும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். வடிகட்டி இயங்கும்போது அந்தத் தலைப்பின் ஓரத்தில் ஒரு டிக் குறி தெரியும். அதைச் சொடுக்கித் தேர்வுகளை நீக்குங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையில் மட்டும் குழப்பம் என்றால், அது நாள்வாரியாகக் குழுக்களாகப் பிரித்துக் காட்டப்படுவதால் இருக்கலாம். 'குரூப் பை' என்பதில் 'நன்' என்று மாற்றினால் ஒரே பட்டியலாகிவிடும்.

அறிகுறி: தேடல் பெட்டி எதையும் கண்டுபிடிக்கவில்லை

விண்டோஸ் ஒவ்வொரு முறையும் வட்டு முழுவதையும் தேடுவதில்லை. முன்கூட்டியே தயாரித்து வைத்த ஒரு சொல்லடைவைப் புரட்டுகிறது. இயல்பான அமைப்பில் அந்த அடைவு உங்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக் போன்ற கோப்புறைகளையும் டெஸ்க்டாப்பையும் மட்டுமே உள்ளடக்கும். டி டிரைவில் நீங்களே உருவாக்கிய 'அலுவலகம்' கோப்புறை அதில் இராது. டி டிரைவுக்குள் சென்று அங்குள்ள தேடல் பெட்டியில் தேடினால் பெயரை மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்க்கும்; உள்ளடக்கத்தைப் பார்க்காது. கணினி முழுவதும் அடைவில் சேர வேண்டுமானால் 'செட்டிங்ஸ்' சென்று 'சர்ச்சிங் விண்டோஸ்' பகுதியைத் தேடித் திறந்து, 'கிளாசிக்' என்றிருப்பதை 'என்ஹான்ஸ்டு' என்று மாற்றுங்கள். முதல் அடைவு தயாராகச் சில மணி நேரம் ஆகலாம். மடிக்கணினியானால் மின்னேற்றியை இணைத்தே வையுங்கள்.

அடைவில் இருக்க வேண்டிய கோப்புகூட வரவில்லையானால் அடைவே பழுதாகியிருக்கலாம். 'இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' சாளரத்தில் 'அட்வான்ஸ்டு', பிறகு 'ரீபில்டு' என்று அழுத்தினால் அது புதிதாகக் கட்டப்படும். இதனால் கோப்புகளுக்கு எந்தச் சேதமும் வராது.

பெயரை மட்டும் தேடுவதானால் 'எவ்ரிதிங்' என்ற சிறிய இலவச நிரலை நான் பரிந்துரைப்பேன். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அமைந்த டிரைவின் முதன்மைக் கோப்பு அட்டவணையை நேரடியாக வாசிப்பதால், இலட்சக்கணக்கான பெயர்களுக்கிடையிலும் தட்டச்சிட்ட கணத்தில் விடை வருகிறது. ஆனால் கோப்பு அழிந்திருக்கக்கூடும் என்ற ஐயம் இருக்கும்வரை இதையும் நிறுவ வேண்டாம்.

அறிகுறி: ஆங்கிலப் பெயர்கள் கிடைக்கின்றன, தமிழ்ப் பெயர்கள் கிடைப்பதில்லை

தமிழில் பெயரிடும் பழக்கமுள்ளவர்கள் மட்டுமே சந்திக்கும் இந்தச் சிக்கலுக்கு ஆங்கில வழிகாட்டிகளில் விடை கிடைப்பது அரிது. முதல் காரணம் நம் மொழியின் சொல்லமைப்பு. விண்டோஸ் தேடல் சொல்லின் தொடக்கத்திலிருந்து பொருத்திப் பார்க்கிறது. நீங்கள் 'ஒப்பந்தம்' என்று தேடினால் 'ஒப்பந்தத்தின் நகல்' என்ற கோப்பு வராது. 'ஒப்பந்த' என்று நிறுத்தினால் இரண்டும் வரும். 'வீட்டுவரிரசீது' என்று சேர்த்தெழுதிய கோப்பு 'ரசீது' என்று தேடினால் பெரும்பாலும் அகப்படாது. சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியை இட்டுத் தேடிப் பாருங்கள், நடுவில் இருந்தாலும் அகப்படும். வேற்றுமை உருபு ஏறாத முற்பகுதியை மட்டும் தட்டச்சிடுவது நல்ல பழக்கம்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு தமிழ்ச் சொற்கள் கணினிக்குள் வெவ்வேறு குறியீடுகளாக இருக்கக்கூடும். 'கௌரி' என்பதை ஔகார உயிர்மெய்யாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, ககரம், தனி ளகரம் என்று 'கெளரி' ஆகவும் எழுதிவிடலாம். 'ஔவை', 'ஒளவை' என்பதும் அப்படியே. கண் ஏமாறும், கணினி ஏமாறாது. இதைவிடச் சூட்சுமமானது ஒகரக் குறி: 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்க முடியும், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்க முடியும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு வகுக்கும் பொதுத் தரமான யூனிகோடு இவ்விரண்டையும் சமமானவை என்றே சொல்கிறது. விண்டோஸின் கோப்பு முறைமையோ இவற்றை இரு வேறு பெயர்களாகவே வைக்கிறது. அதனால்தான் ஒரே கோப்புறைக்குள் அச்சு மாறாத ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பது போன்ற அதிசயம் நிகழ்கிறது. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்ததால், அங்கிருந்து வந்த கோப்புகளில் இதை அடிக்கடி காணலாம். 'ஸ்ரீ' இன்னொரு கண்ணி. 2005இல் வெளியான யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' எழுத்து சேர்க்கப்பட்ட பிறகு, ஸகரத்தில் தொடங்கும் பழைய வடிவமும் ஶகரத்தில் தொடங்கும் புதிய வடிவமும் பல எழுத்துருக்களில் ஒரே உருவில் தெரிகின்றன. கோயில், ஊர்ப் பெயர்களில் கோப்பு வைத்திருப்பவர்கள் இரண்டு விதமாகவும் தேட வேண்டியிருக்கும்.

இவ்வகையில் மாட்டிக்கொண்டால், சிக்கலான அந்த எழுத்தைத் தவிர்த்துவிட்டுச் சொல்லின் வேறு பகுதியைத் தேடுவதே சுருக்கு வழி. 'கௌரி திருமண அழைப்பிதழ்' கிடைக்கவில்லையா, 'அழைப்பித' என்று தேடுங்கள். கிடைத்ததும் 'எஃப் 2' விசையை அழுத்தி, பழைய பெயரை முழுவதும் அழித்து, உங்கள் விசைப்பலகையிலேயே புதிதாகத் தட்டச்சிடுங்கள். இணையப் பக்கங்களிலிருந்து தலைப்பை வெட்டி ஒட்டிப் பெயரிட்ட கோப்புகளுக்கு இது கூடுதல் நன்மை. அகலமே இல்லாத சில குறிகள் எழுத்துகளுக்கிடையே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அவையும் நீங்கும்.

மூன்றாவது, பெயரைப் பற்றியதன்று, உள்ளடக்கத்தைப் பற்றியது. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன்னும், அதற்குப் பின் நெடுங்காலமும், அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக் குறிமுறைகளே கோலோச்சின. இவ்வகை எழுத்துருவில் அடித்த ஆவணத்தில் தமிழ் என்பது வெறும் தோற்றம். பாமினியில் 'தமிழ்' என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். இந்த ஆவணங்களுக்குள் யூனிகோடுத் தமிழில் எத்தனை முறை தேடினாலும் எதுவும் வராது. அந்த நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சிட்டுத் தேடினால் வரும். பாமினி விசைப்பலகை பழகியவர்கள் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, வழக்கம்போல் தமிழ்ச் சொல்லை அடித்தாலே போதும். எழுத்துரு கணினியில் இல்லாததால் பழைய ஆவணம் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறந்தாலும் பதற வேண்டாம். உள்ளே எதுவும் கெடவில்லை. உரிய எழுத்துருவை நிறுவினாலோ, குறிமுறை மாற்றி ஒன்றில் யூனிகோடாக மாற்றினாலோ வாசிக்கலாம். வேலையாக வரும் பழைய ஆவணங்களை அவ்வப்போது மாற்றி வைப்பதே நல்லது.

அறிகுறி: பாதை நீளமாக உள்ளது என்று சொல்லி நகலெடுக்க மறுக்கிறது

இயல்பான அமைப்பில் டிரைவின் எழுத்திலிருந்து கோப்புப் பெயரின் கடைசி எழுத்து வரை, எல்லாம் சேர்ந்து சுமார் 260 குறியீடுகளுக்குள் அடங்க வேண்டும். தமிழில் இந்த அளவு விரைவில் தீரும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு. வெளிக்கோப்புறையின் பெயரைத் தற்காலிகமாக ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டு நகலெடுங்கள். லினக்ஸ் கணினிகளில் தனிக் கோப்பின் பெயருக்கு 255 பைட்டுகளே எல்லை. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டுகள் என்பதால் 85 குறியீடுகளோடு அங்கே நின்றுவிடும்.

அறிகுறி: பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன

நகலகத்தில் ஓர் அச்சுப்படி எடுத்துவிட்டு வந்த மாலையில் பெரும்பாலும் இது தொடங்கும். கோப்புறைகள் ஒவ்வொன்றும் சிறு அம்புக்குறியோடும், அளவில் ஓரிரு கேபியாகவும் தெரிந்தால், அவற்றைச் சொடுக்கவே கூடாது. சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும், பின்னணியில் நச்சுநிரலும் உங்கள் கணினிக்குள் குடியேறும். ஏற்கெனவே உள்ள விண்டோஸ் செக்யூரிட்டியைக் கொண்டு அந்த டிரைவை முதலில் சோதித்து, கண்டுபிடித்ததை நீக்கச் செய்யுங்கள்.

உண்மையான கோப்புறைகள் அழியவில்லை. மறைவானவை, இயங்குதளத்துக்குரியவை என்ற இரண்டு பண்புகளையும் ஏற்றி நச்சுநிரல் அவற்றை மறைத்திருக்கும். இரண்டாவது பண்பு இருக்கும்வரை 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் மட்டும் போதாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'ஆப்ஷன்ஸ்' சாளரத்தில் 'வியூ' தத்தலுக்குச் சென்று, 'ஹைடு புரொடெக்டெட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் டிக்கை எடுங்கள். வரும் எச்சரிக்கைக்கு 'யெஸ்' சொல்லுங்கள். இப்போது உண்மையான கோப்புறைகள் மங்கலாகத் தெரியும். சில வகை நச்சுநிரல்கள் அனைத்தையும் பெயரே இல்லாததுபோல் தோன்றும் ஒரு கோப்புறைக்குள் திணித்திருக்கும், அதையும் கவனியுங்கள். இந்தக் கோப்புறைகளின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'ஹிட்டன்' டிக் மங்கியிருப்பதால் அதை எடுக்க முடியாது. கட்டளைச் சாளரத்தில் 'அட்ரிப்' கட்டளையால் நீக்கலாம் என்றாலும், அதற்குப் பழகாதவர்களுக்கு எளிய வழி வேறு: கணினியில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, மங்கலான கோப்புறைக்குள் நுழைந்து, உள்ளிருக்கும் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மட்டும் தேர்ந்து நகலெடுத்து அதில் ஒட்டுங்கள். மறைவுப் பண்பு பெரும்பாலும் மேல்மட்டக் கோப்புறையிலேயே இருக்கும். எல்லாம் வந்துவிட்டதைத் திறந்து சரிபார்த்த பின் பென் டிரைவை ஃபார்மட் செய்யலாம். முன்பு எடுத்த டிக்கை மறக்காமல் திரும்ப இடுங்கள். இயங்குதளக் கோப்புகள் எப்போதும் கண்ணில் படுவது ஆபத்து.

அறிகுறி: டிரைவே தெரியவில்லை, அல்லது ஃபார்மட் செய்யச் சொல்கிறது

வேறு யூஎஸ்பி துளையிலும், வெளி ஹார்டு டிஸ்க் என்றால் வேறு கேபிளிலும் முதலில் முயலுங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு 'எக்ஸ்' அழுத்தி 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். அங்கே டிரைவ் தெரிந்து எழுத்து மட்டும் இல்லையானால், வலச்சொடுக்கி ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். டிரைவின் மேல் பூட்டுப் படம் இருந்தால் அது பிட்லாக்கர், அதாவது டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்புச் சாவியோ இல்லாமல் திறக்க வழியில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

'ரா' என்று காட்டினாலோ, ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று அறிவிப்பு வந்தாலோ, 'கேன்சல்' அழுத்திவிட்டு டிரைவைக் கழற்றுங்கள். கோப்பு முறைமையின் கட்டமைப்பு பழுதாகியிருக்கிறது, உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்பதே அதன் பொருள். மேக், லினக்ஸ் கணினிகளுக்காக அமைந்த வட்டுகளையும் விண்டோஸ் இப்படித்தான் அடையாளம் தெரியாமல் ஃபார்மட் செய்யச் சொல்லும். உள்ளே விலைமதிப்புள்ளது இருந்து, வட்டிலிருந்து கடகடவென்ற ஒலியும் வந்தால், வீட்டில் எந்த முயற்சியும் செய்யாமல் தரவு மீட்புத் தொழில் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கைப்பேசியை இணைத்தும் எதுவும் தெரியவில்லை என்றால் அது பழுதன்று. ஆண்ட்ராய்டில் அறிவிப்புப் பட்டையை இழுத்து, மின்னேற்றம் மட்டும் என்றிருப்பதைக் கோப்புப் பரிமாற்றம் என்று மாற்றுங்கள். ஐஃபோனில் பூட்டைத் திறந்து, இந்தக் கணினியை நம்பலாமா என்ற கேள்விக்கு ஒப்புதல் கொடுங்கள்.

அறிகுறி: கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை

பெயரின் அருகே மேகப் படம் இருந்தால் கோப்பின் உள்ளடக்கம் ஒன்டிரைவ் வழங்கியில் இருக்கிறது; இணைய இணைப்பு இல்லாதபோது திறக்காது. வலச்சொடுக்கி 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்தால் கணினிக்கே இறங்கிவிடும். ஐஃபோனிலிருந்து வந்த படங்கள் திறக்கவில்லை என்றால், அவை 2017இல் ஐஓஎஸ் 11 முதல் வழக்கத்துக்கு வந்த ஹெய்க் வடிவத்தில் இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்குரிய நீட்சி கிடைக்கும். அளவு 0 பைட் என்று காட்டும் கோப்பில் திறக்க எதுவும் இல்லை, மூலத்திலிருந்து மீண்டும் நகலெடுக்க வேண்டும். பழைய கணினியிலிருந்து கழற்றிய வட்டில் அனுமதி இல்லை என்று மறுத்தால், நிர்வாகிக் கணக்கில் இருந்துகொண்டு 'கன்டினியூ' அழுத்துங்கள். சற்று நேரம் எடுத்து அனுமதியைப் பெற்றுத் தரும்.

அறிகுறி: எங்கு தேடியும் இல்லை, அழித்திருக்கவே வேண்டும்

ரீசைக்கிள் பின்னைத் திறந்து, அழித்த தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். கிடைத்ததை வலச்சொடுக்கி 'ரீஸ்டோர்' கொடுத்தால் பழைய இடத்துக்கே போகும். அந்த இடம் எதுவென்பது 'ஒரிஜினல் லொக்கேஷன்' என்ற நெடுவரிசையில் இருக்கும். ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்தியவையும், பென் டிரைவிலிருந்து நேராக அழித்தவையும், வலைப்பின்னல் டிரைவுகளில் அழித்தவையும் பொதுவாக இதற்குள் வருவதில்லை. ஒன்டிரைவில் இருந்த கோப்பு என்றால் உலாவி வழியாக அதன் தளத்துக்குள் நுழைந்து அங்குள்ள குப்பைத்தொட்டியையும் பாருங்கள். தனிநபர் கணக்குகளில் 30 நாள் வரை அங்கே இருக்கும். கோப்பு இருந்த கோப்புறையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில் 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' தத்தலில் ஏதேனும் இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அங்கும் இல்லையென்றால் இருப்பது மீட்பு நிரல்கள். இங்கே வட்டின் வகை முக்கியம். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில், அழித்த கோப்பின் இடம் காலியானதாகக் குறிக்கப்படுகிறதே ஒழிய, வேறொன்று அதன் மேல் எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். சுழலும் பாகமில்லாத புதிய வகை வட்டான எஸ்எஸ்டியில் 'ட்ரிம்' என்ற ஏற்பாடு அந்த இடங்களைத் தானே துடைத்துவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டில் எதுவாயினும் அந்தக் கணினியை உடனே அணைத்து, வட்டைக் கழற்றி வேறு கணினியோடு இணைத்து, மீட்பு நிரலை அந்த வேறு கணினியில்தான் நிறுவ வேண்டும். மீட்டெடுத்தவற்றையும் மூன்றாவதாக ஒரு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட 'விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி' இலவசம், ஆனால் கட்டளை வரியில் இயங்குவது. 'ஃபோட்டோரெக்' படங்களையும் ஆவணங்களையும் அவற்றின் அமைப்பைக் கொண்டு அடையாளம் கண்டு எடுக்கிறது. பெயரும் கோப்புறையும் திரும்ப வாரா. ஆயிரக்கணக்கில் எண் பெயரோடு வந்து குவிபவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பொறுக்க வேண்டியிருக்கும். அப்போது முதலில் தாளில் எழுதிய மூன்று விவரங்களில் ஒன்றான நிரலின் பெயரைக் கொண்டு கோப்பின் வகையை அறிந்து, அதை வைத்து வடிகட்டி, அளவு வாரியாக வரிசைப்படுத்திக்கொண்டு தொடங்குங்கள்.